போட்டோ வேணுமா, பாடம் வேணுமா?

ஓசூர் சிப்காட்டில் பெரிய தொழிற்சாலை ஒன்றின் வாசலில் போய் நில்லுங்கள். முதலில் கண்ணில் படுவது கம்பெனியின் பெயர். அடுத்தது, 'பாதுகாப்பே முதன்மை' என்கிற போர்டு. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு நேற்றுதான் சேர்ந்த அப்ரன்டிஸ் பையன், முதல் நாளே பிரஸ் மெஷினைத் தொட்டுவிட முடியாது. ஷூ, ஹெல்மெட், கண்ணாடி, வகுப்பு எல்லாம் முடிந்த பிறகுதான் மெஷின். அந்த மெஷினிலும் இரண்டு கைகளாலும் இரண்டு பட்டன்களை ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். ஒரு கை உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது என்று யாரோ மண்டையை உடைத்துக்கொண்டு யோசித்துச் செய்த ஏற்பாடு அது.

வருஷம் முழுக்க இந்தக் கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிற சூப்பர்வைசர், லீவு போட்டுவிட்டுக் குடும்பத்தோடு மணாலிக்குப் போகிறார். சோலாங் பள்ளத்தாக்கில் வேன் நிற்கிறது. யாரென்றே தெரியாத ஒருவர் ஓடிவந்து, எட்டு வயசுப் பெண்ணின் காலில் இரண்டு நீளப் பலகைகளை மாட்டுகிறார். ஹெல்மெட் கிடையாது. பூட்ஸ் இரண்டு சைஸ் பெரிசு. அப்பா செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்: "பயப்படாதடா கண்ணு, இங்க பாத்து சிரி!"

அவரைக் குறை சொல்லலாமா என்று கேட்காதீர்கள். குறை சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் வண்டி நுழைந்ததுமே நம் மூளையில் இருக்கிற பாதுகாப்பு ஸ்விட்ச் எப்படி அணைந்துபோகிறது?

முதலில் காலண்டரைப் பாருங்கள். நம் ஊரில் குடும்பச் சுற்றுலா என்றால் மே மாதம். நம் நாட்டில் பனிச்சறுக்குக்கு ஏற்ற காலமோ டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை. மே மாதத்தில் சோலாங்கில் பச்சைப் புல்தான் இருக்கும். அதனால் 3,978 மீட்டர் உயரத்தில் இருக்கிற ரோதாங் கணவாய்க்கோ, 2020-ல் திறந்த 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கமோ உங்களைக் கூட்டிப்போவார்கள். போகிற வழியில் கோட்டும் பூட்ஸும் வாடகைக்குக் கொடுக்கிற கடைகள் வரிசையாக, நம்பர் போட்டு இருக்கும். டிரைவர் சொல்கிற கடையில் வண்டி நிற்கும். மேலே போனால் உருகி, அழுக்கேறி, ஆயிரம் பேர் மிதித்த பனி. அதில் பத்துப் பதினைந்து நிமிஷம் ஒருத்தர் உங்கள் கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போவார். பேக்கேஜ் விளம்பரத்தில் 'ஸ்னோ ஆக்டிவிட்டி' என்று இருந்தது இதுதான். இதைப் பனிச்சறுக்கு என்று சொன்னால், பரிசலில் உட்கார்ந்து வந்ததை நீச்சல் என்று சொல்லலாம்.

"பசங்க ஜாலிக்குத்தானே சார், இதுக்குப் போய் கிளாஸ் எல்லாம் எதுக்கு?" என்று கேட்பீர்கள். ஜாலிதான் வேண்டுமென்றால் பனியை உருட்டி ஒருத்தர் மேல் ஒருத்தர் எறிந்து விளையாடுங்கள். தப்பே இல்லை, செலவும் இல்லை. ஆனால், சரிவான மலையில், உராய்வே இல்லாத பரப்பில், வழுக்குவதற்கென்றே செய்த பலகையைக் குழந்தையின் காலில் கட்டிவிடும்போது, நீங்கள் அவளை ஒரு வண்டியில் ஏற்றிவிடுகிறீர்கள். அந்த வண்டிக்கு பிரேக் உண்டு. அது பலகையில் இல்லை, ஓட்டுகிறவரின் முழங்காலிலும் கணுக்காலிலும் இருக்கிறது. சொல்லிக்கொடுத்தால்தான் வரும்.

ஒழுங்கான ஆசிரியர் முதல் மணி நேரத்தில் யாரையும் சரிவில் ஏற்ற மாட்டார். சமதளத்தில் பூட்ஸோடு நடக்கவிடுவார். பிறகு ஒரு காலில் மட்டும் பலகை. பிறகு எப்படி விழுவது? முன்னால் குப்புற விழாமல், பக்கவாட்டில் சாய்ந்து விழ வேண்டும். எப்படி எழுந்திருப்பது? பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு எழ வேண்டும். அப்புறம்தான் பிரேக். இரண்டு பலகைகளின் முன்முனைகளும் ஒன்றையொன்று நெருங்க, பின்பக்கம் அகல, முக்கோணமாக வைத்து உள்விளிம்பை அழுத்தினால் வேகம் குறையும். வெளிநாட்டில் குழந்தைகளுக்கு இதைப் 'பீட்சா' என்று சொல்லிக்கொடுப்பார்கள். நம் பிள்ளைகளுக்கு 'சமோசா' என்று சொன்னால் போதும், புரிந்துவிடும். இந்த சமோசா வந்த பிறகுதான் திரும்பப் பழக வேண்டும், அதற்கும் அப்புறம்தான் கொஞ்சம் மேலே ஏறிப்போக வேண்டும். மோட்டார் சைக்கிள் செய்கிற ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: ஆக்ஸிலேட்டரை அப்புறம் பார்க்கலாம், முதலில் பிரேக்.

பதினைந்து நிமிஷத்தில் இதில் எது நடக்கும்? எதுவும் நடக்காது. நடப்பது போட்டோ மட்டும்.

அடுத்து, சாமான். பூட்ஸையும் பலகையையும் சேர்த்துப் பிடிக்கிற கொக்கிக்கு 'பைண்டிங்' என்று பெயர். விழும்போது கால் முறுக்கிக்கொண்டால் அது தானாகக் கழன்றுகொள்ள வேண்டும். கழலாவிட்டால், நீளமான பலகை நெம்புகோல் மாதிரி முழங்காலைத் திருகிவிடும். தசைநார் போய்விடும். எவ்வளவு அழுத்தத்தில் கழல வேண்டும் என்பதை ஆளின் எடை, உயரம், வயசு, திறமை, பூட்ஸ் அடிப்பாகத்தின் நீளம் எல்லாவற்றையும் பார்த்து ஸ்க்ரூவைத் திருகி அமைக்க வேண்டும். அப்பாவுக்கு வைத்த அளவிலேயே மகளுக்கும் வைத்தால், அவள் விழும்போது அது கழலாது. டார்க் ரெஞ்ச் இல்லாமல் ஒரு போல்ட்டை முறுக்கினாலே சத்தம் போடுகிற நீங்கள், 'போகா யோகே' என்று ஜப்பான் வார்த்தை சொல்லி ஜூனியர்களுக்கு வகுப்பெடுக்கிற நீங்கள், சொந்த மகளின் காலில் கட்டுகிற பைண்டிங்கைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டீர்களா?

ஹெல்மெட் சமாச்சாரத்துக்கு வருவோம். 'பேரன்ட் ட்ராப்' படத்தில் இரட்டைப் பெண்களுக்கு அம்மாவாக வருவாரே, நடாஷா ரிச்சர்ட்சன், அவர் 2009 மார்ச் 16-ம் தேதி கனடாவில் மோன் ட்ராம்ப்லான் என்ற மலையில் பனிச்சறுக்கு கற்றுக்கொண்டிருந்தார். ஆரம்பக்காரர்களுக்கான சரிவு. பக்கத்தில் பயிற்சியாளர். தலையில் ஹெல்மெட் இல்லை. விழுந்தார், எழுந்தார், ஒன்றுமில்லை என்றார். வந்த ஆம்புலன்ஸையும் திருப்பி அனுப்பினார்கள். சுமார் ஒரு மணி நேரம் கழித்துத் தலைவலி. மண்டைக்குள் ரத்தக்கசிவு. 18-ம் தேதி இறந்துபோனார். வயசு 45. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இதிலிருந்து இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்பக்காரர் சரிவுதானே என்று ஹெல்மெட்டை விடாதீர்கள். தலையில் அடிபட்டால், "ஒண்ணும் ஆகலை, எழுந்திரு" என்று நீங்களே டாக்டர் ஆகாதீர்கள்.

"அங்கேயே பொறந்து வளர்ந்தவங்களுக்குத் தெரியாததா?" தெரியும். ஏராளமாகத் தெரியும். குல்மர்க் பையன் ஆரிஃப் கான் 2022-ல் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் கலந்துகொண்டார். மணாலிப் பெண் ஆஞ்சல் தாக்கூர் 2018-ல் துருக்கியில் நடந்த சர்வதேசப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். அந்த மலைகளில் திறமைக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் நம் பொறுமைக்குத்தான். வேனிலிருந்து இறங்கியதும் நாம் என்ன செய்கிறோம்? பேரம் பேசுகிறோம். ஆயிரம் கேட்டவரை முந்நூறுக்குக் கொண்டுவந்துவிட்டதில் பெருமை வேறு. வருஷத்தில் இரண்டு மூன்று மாசம்தான் அவருக்குப் பிழைப்பு. முந்நூறு ரூபாய்க்கு அவர் பதினைந்து நிமிஷம்தான் தருவார். அடுத்த வேன் வந்து நிற்கிறது. நாம் பேரம் பேசிக் குறைத்தது விலையை இல்லை, பாடத்தை.

சரி, எங்கே போய்க் கற்றுக்கொள்வது? அரசு நிறுவனங்களே இருக்கின்றன. மணாலியில் அடல் பிகாரி வாஜ்பாய் பெயரில் மலையேற்றப் பயிற்சி நிறுவனம், குல்மர்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இந்திய பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனம், உத்தராகண்டில் ஆலி. பெரும்பாலும் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று தங்கிப் படிக்கிற கோர்ஸ்கள். வயசு வரம்பும் சேர்க்கைத் தேதியும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். காலேஜ் படிக்கிற பிள்ளை இருந்தால், குடும்ப டூரை ஒரு வருஷம் தள்ளிப்போட்டுவிட்டு அந்தப் பணத்தில் அவனையோ அவளையோ அங்கே அனுப்புங்கள். ஆயுளுக்கும் மறக்காது.

குடும்பத்தோடுதான் போவோம் என்றால், பொங்கல் லீவோடு நாலைந்து நாள் சேர்த்து எடுங்கள். 'ஆறு நாளில் நாலு ஊர்' பேக்கேஜைக் கிழித்துப் போடுங்கள். ஒரே ஊர். குல்மர்க் சுமார் 2,650 மீட்டர் உயரம். ஓசூரே குளிர் என்று மார்கழியில் குல்லா போடுகிற நமக்கு, முதல் நாள் ஓய்வு கட்டாயம். அதற்குப் பிறகு குறைந்தது மூன்று நாள், தினம் அரை நாள், ஒரே ஆசிரியர். கொண்டோலாவில் உச்சிக்குப் போய் வேடிக்கை பாருங்கள். ஆனால், புதுசாகக் கற்றுக்கொள்கிறவருக்கு அங்கே சறுக்குகிற வேலை இல்லை. பனிச்சரிவில் அனுபவசாலிகளே செத்துப்போன மலை அது.

பணம் கட்டுவதற்கு முன் டிராவல்ஸ்காரரிடம் இவற்றைக் கேளுங்கள். சொல்லிக்கொடுப்பவர் எங்கே பயிற்சி பெற்றவர்? ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர்? மொத்தம் எத்தனை மணி நேரம்? குழந்தை அளவு பூட்ஸும் ஹெல்மெட்டும் உண்டா? அடிபட்டால் யார் தூக்கிப்போவார், எந்த ஆஸ்பத்திரிக்கு? இன்ஷூரன்ஸில் பனிச்சறுக்கு சேருமா? பல பாலிசிகளில் சாகச விளையாட்டு சேராது. பதிலை எழுத்தில் வாங்குங்கள். "அதெல்லாம் அங்க போய்ப் பாத்துக்கலாம் சார்" என்றால், அவரிடம் பதில் இல்லை என்று அர்த்தம். வேறு ஆளைப் பாருங்கள்.

பாஷையையும் கேளுங்கள். ஓசூர்ப் பிள்ளைக்குத் தமிழ் தெரியும், தெலுங்கும் கன்னடமும் தெருவிலேயே வந்துவிடும், ஸ்கூலில் இங்கிலீஷ். சரிவில் இறங்கிக்கொண்டிருக்கும்போது "ருக்கோ" என்று கத்தினால் அதுக்கு என்ன புரியும்? நில், திரும்பு, உட்கார், எழுந்திரு என்று நாலு வார்த்தைகளை எந்த பாஷையில் சொல்லப்போகிறார் என்று சமதளத்திலேயே ஆசிரியரும் குழந்தையும் பேசி வைத்துக்கொள்ளட்டும். அதற்கப்புறம் நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். ஓரத்தில் நின்று, "குனி! நிமிரு! அய்யோ!" என்று கத்துகிற அப்பாதான் பல குழந்தைகள் விழுவதற்குக் காரணம்.

அம்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தச் சுற்றுலாவிலும் பார்க்கிறேன். எல்லோருடைய ஸ்வெட்டரையும் பையையும் பிடித்துக்கொண்டு ஒரு பெண்மணி ஓரமாக நிற்பார். "உனக்கு எதுக்கும்மா, நீ வீடியோ எடு." ஏன், அவருக்கு முழங்கால் இல்லையா? காசு கட்டினால் நாலு பேருக்கும் கட்டுங்கள்.

"இது வசதி உள்ளவங்க கவலை, நமக்கு என்ன?" என்று யாராவது கேட்டால், குரங்கணியை ஞாபகப்படுத்துங்கள். 2018 மார்ச் 11. தேனி மாவட்ட மலையில் காட்டுத் தீ. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கூட்டிப்போகிறவர்களை நம்பிப் போனவர்கள் அவர்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024-ல் 40 பாதைகளை அரசே அறிவித்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு அழைத்துப்போக ஆரம்பித்தது. விதி வருவதற்கு நம் நாட்டில் உயிர்தான் விலை. அந்த விலையை இன்னொரு தடவை கட்ட வேண்டுமா? வாடிக்கையாளர்கள் நூறு பேர் சேர்ந்து, "ஹெல்மெட் எங்கே, ஆசிரியர் யார்?" என்று கேட்க ஆரம்பித்தால், சட்டம் வருவதற்கு முன்னாலேயே கடைக்காரர் ஹெல்மெட் வாங்கி வைத்துவிடுவார்.

நீங்கள் பணிபுரியும் கம்பெனியில் மாசா மாசம் பாதுகாப்புக் கூட்டம் நடக்கிறது இல்லையா? பொங்கல் லீவுக்கு முந்தைய கூட்டத்தில் பத்து நிமிஷம் கேட்டு வாங்குங்கள். யார் யார் மலைக்குப் போகிறீர்கள், பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுக்கப்போகிறார் என்று எழுந்து கேளுங்கள். பதில் தெரியாமல் விழிப்பவர்களின் டிக்கெட்டை இப்போதே கேன்சல் செய்யச் சொல்லுங்கள். அபராதம் கொஞ்சம்தான் பிடிப்பார்கள்.