முச்சை கட்டத் தெரிந்த ஊருக்கு

அன்பான வசாவிளான் ஊரவருக்கும் வலிகாமம் வடக்கு உறவுகளுக்கும்,

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். 1990 ஆனியில் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது எனக்குப் பதின்மூன்று வயது. என் வயதுக்காரருக்கு நினைவிருக்கும்: முகில் மூடியிருந்தாலும் சத்தத்தை வைத்தே வருவது எதுவென்று சொல்லுவோம். ஹெலி, பொம்மர், சகடை, சியாமாசெட்டி. எது வந்தால் பங்கருக்குள் இறங்கவேண்டும், எது சும்மா சுற்றிவிட்டுப் போய்விடும் என்பதெல்லாம் எங்களுக்குப் பெருக்கல் வாய்ப்பாட்டோடு சேர்த்தே பாடம். விமானத்தைப் பற்றி நாங்கள் படித்தது அவ்வளவுதான்.

இப்போது என் மகளுக்குப் பதின்மூன்று. இங்கே வான் கடெற் அணியில் இருக்கிறாள். கனடாவில் 1941 இல், போர்க்காலத்தில், தொடங்கிய அமைப்பு அது. பன்னிரண்டு வயதில் சேரலாம், பதினெட்டு வரை இருக்கலாம். சேர்வதற்குக் காசில்லை, சீருடையும் இலவசம். கிழமையில் ஒரு பின்னேரம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கூடுகிறார்கள். கெட்டிக்காரருக்குக் கோடை விடுமுறையில் கிளைடர் ஓட்டப் பழக்கி, பதினாறு வயதில் உரிமமும் எடுக்கவைக்கிறார்கள். வானத்தில் தனியே சுற்றி இறங்கிய பெடியனை வீட்டுக்கு ஏற்றிப்போக தகப்பன் காரோடு வெளியே நிற்பார்.

சீருடையும் அணிநடையும் எங்கள் ஊரில் எதை நினைவூட்டும் என்று எனக்குத் தெரியும். அந்த அமைப்பை அப்படியே கொண்டுவாருங்கள் என்று கேட்கவில்லை. அந்த மண்டபத்தின் மூலையில் இருப்பதைப் பற்றித்தான் இந்த மடல். மூன்று மேசை, மூன்று கணினி, கைக்கு ஒரு சுக்கான், காலுக்கு மிதி. சிமுலேற்றர் என்கிறார்கள்.

ஒருநாள் மகள், "அப்பா, நீங்களும் ஒருக்கா இருங்கோ" என்று இருத்தி, காதில் ஹெட்போனை மாட்டினாள். இயந்திரம் உறுமத் தொடங்கியதும் என் கை தானாகவே அதைக் கழற்றிவிட்டது. "சத்தம் கூடவோ?" என்று கேட்டுக் குறைத்துவிட்டாள். சொன்னால் விளங்குமோ என்று நினைத்து, ஓம் என்றேன்.

பிறகுதான் தேடி வாசித்தேன். எண்பதுகளில் எங்கள் தலைக்கு மேல் வந்து குண்டு போட்ட சியாமாசெட்டி, அடிப்படையில் ஒரு பயிற்சி விமானம். இத்தாலியில் வடிவமைத்தது; பறக்கப் பழகுகிறவர்கள் ஓட்டுவது. இதை அறிய எனக்கு நாற்பது வயது தாண்டவேண்டியிருந்தது.

போன வருடம் ஊருக்கு வந்தபோது அக்கா வீட்டு முற்றத்தில் நின்று பிள்ளைகளோடு சென்னை விமானம் இறங்குவதைப் பார்த்தேன். மருமகன் கேட்டான்: "மாமா, ஏன் சில காலம் அந்தப் பக்கத்தாலயும் சில காலம் இந்தப் பக்கத்தாலயும் இறங்குது?" எனக்குத் தெரியவில்லை. மகள்தான் விளங்கப்படுத்தினாள். விமானம் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். அப்போதுதான் நிலத்தில் வேகம் குறையும், ஓடுபாதை மிச்சமாகும். வாடைக்கு ஒரு பக்கம், சோளகத்துக்கு மறுபக்கம். பக்கத்துப் பலாலி விமான நிலையத்து ஓடுபாதையே வடகிழக்கு–தென்மேற்காகத்தான் கிடக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அதைப் போட்ட வெள்ளைக்காரன் எங்கள் காற்றைப் பார்த்துத்தான் போட்டிருக்க வேண்டும். எண்பது வருடமாக வேலிக்கு அந்தப் பக்கம் கிடந்த பாடம், வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களுக்குத் தெரியாது.

தெரியாது என்பதும் முழு உண்மையில்லை. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களைப் பாருங்கள். முச்சை நூலை ஒரு விரலளவு மாற்றிக் கட்டினால் பட்டம் காற்றைச் சந்திக்கும் கோணம் மாறும். கொஞ்சம் கூடினால் எழும்பும், கனக்கக் கூடினால் தள்ளாடி விழும். விமானச் சிறகுக்கும் அதே கணக்குத்தான். எங்கள் பெடியள் கையால் அறிந்ததற்கு ஒரு பெயரும் ஒரு சூத்திரமும் கொடுப்பதுதான் மிச்ச வேலை. சிமுலேற்றர் அதற்கு நல்ல சாமான்.

இங்கே ஊர்ச்சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு பெரியவர், "பிள்ளையள் கேம் விளையாடுறதுக்குக் காசு சேர்க்கிறியோ?" என்றார். அவருக்கு அங்கே சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன். நியூயோர்க் மாநிலத்துப் பிங்ஹம்டனில் ஓர்கன் வாத்தியம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை எட்வின் லிங்க். வாத்தியத்துக்குக் காற்றடிக்கும் துருத்தியை வைத்தே 1929 அளவில், நிலத்தைவிட்டு எழும்பாமல் சரிந்தும் திரும்பியும் ஆடும் ஒரு குட்டி விமானம் செய்தார். விமானப்படை திரும்பியும் பார்க்கவில்லை. களியாட்டத் திடல்களில் காசு வாங்கி ஆட்களை ஏற்றும் சாமானாகத்தான் அது விலைப்பட்டது. 1934 இல் அமெரிக்க இராணுவம் தபால் விமானம் ஓட்டப்போய், கெட்ட காலநிலையில் விமானிகள் பலர் செத்த பிறகே அந்தக் குட்டி விமானத்தில் ஆறை வாங்கியது. அடுத்த போர் முடிவதற்குள் ஆயிரக்கணக்கில் செய்தார்கள். நாங்கள் மொன்றியலுக்குப் போகும்போது கிங்ஸ்ரன் தாண்டி வரும் கனனொக்வே என்ற சின்ன ஊரிலும் அதற்கு ஒரு தொழிற்சாலை இருந்தது.

பிள்ளை என்ன படிக்கும்? முக்கியமாகக் கணக்கு. ஆறாயிரம் அடியில் வருகிறாய், எங்கே இறங்கத் தொடங்குவாய்? ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல் என்று வைத்தால் பதினெட்டு மைலுக்கு முன்னே. ஓடுபாதைக்கு முப்பது பாகை சரிவாக இருபது நொட்ஸ் காற்று அடித்தால், பக்கவாட்டில் தள்ளுவது எவ்வளவு? சைன் முப்பது அரை, ஆகவே பத்து. சாதாரண தரத்தில் சைன் எதற்கு என்று தெரியாமலே பாடமாக்கினோம் அல்லவா? இங்கே பிழைவிட்டால் விமானம் தோட்டத்துக்குள் போய் நிற்கும். ஒருவருக்கும் காயமில்லை, திரும்பவும் தொடங்கலாம். அதோடு ஆங்கிலமும் வரும். கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்வதைத் திருப்பிச் சொல்லவேண்டும், சொற்ப வார்த்தையில், தெளிவாக. எங்கள் பிள்ளைகளுக்கு எழுத்து ஆங்கிலம் தெரியும், வாய்தான் திறக்காது. இந்த விளையாட்டில் வாய் திறக்காதவன் இறங்கமுடியாது.

ஆசை காட்டி ஏமாற்ற நான் விரும்பவில்லை. சிமுலேற்றரால் மட்டும் விமானியாக முடியாது. கனடாவில் தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 45 மணித்தியாலம் பறக்கவேண்டும். அதில் ஆகக்கூடியது 5 மணித்தியாலம்தான் அங்கீகாரம் பெற்ற சிமுலேற்றரில் கழிக்கலாம். வீட்டுக் கணினியில் ஓடியது கணக்கிலேயே வராது. கணினியில் மட்டும் பழகிய பிள்ளைகள் வெளியே பார்க்காமல் கருவிகளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று பயிற்றுநர்கள் குறைப்படுவதும் உண்டு. நிசமான பறப்புப் பயிற்சிக்கு இரத்மலானைப் பக்கம் போகவேண்டும்; செலவும் பெரிது. பத்துப் பிள்ளைகள் இருந்தால் ஒருவர் போகலாம், போகாமலும் விடலாம். மிச்சப் பேர் பொறியியலுக்கோ காலநிலை அவதானிப்புக்கோ கோபுர வேலைக்கோ போகட்டும். ஒன்றுக்கும் போகாவிட்டாலும் மருமகனின் கேள்விக்கு மறுமொழி தெரிந்த பிள்ளையாக இருக்கும்.

சாமானை விட ஆள் முக்கியம். சில வருடத்துக்கு முன் இங்கிருந்து நாங்கள் கணினிகளைக் கொள்கலனில் அனுப்பினோம். திறப்பு விழாப் படங்கள் வந்தன. அடுத்தமுறை வந்து பார்த்தபோது அறை பூட்டிக் கிடந்தது, திறப்பு யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதில் பாதிப் பிழை எங்களது: பெட்டி அனுப்பினோம், படிப்பிக்க ஒருவரைத் தேடவில்லை. இனி அலங்கார வளைவுக்கும் திறப்பு விழாவுக்கும் என்னிடம் காசு கேட்காதீர்கள். பின்னேரம் இரண்டு மணித்தியாலம் இருந்து சொல்லிக்கொடுக்கும் ஒரு வாத்தியாருக்கு மாதக்கொடுப்பனவு என்றால் என் பங்கு நிச்சயம்.

1947 மார்கழி 10 ஆம் திகதி எயார் சிலோன் நிறுவனத்தின் முதலாவது விமானம் இரத்மலானையில் கிளம்பி, யாழ்ப்பாணத்தில் இறங்கித்தான் சென்னைக்குப் போனது. 2019 இல் பலாலியை மீண்டும் சர்வதேச விமான நிலையம் ஆக்கினார்கள். அங்கே இறங்கும் விமானம் எங்கள் பிள்ளைகளின் தலைக்கு மேலாகத்தான் போகிறது.

வாற ஆவணியில் மகளோடு வருகிறேன். இரண்டு ஜொய்ஸ்டிக்கும் ஒரு சோடி மிதியும் எங்கள் பெட்டிக்குள் இருக்கும். பிளைற்கியர் என்ற மென்பொருள் இலவசம். ஓரளவு நல்ல கணினி ஒன்று உங்களிடம் இருந்தால் போதும். அதற்குள் கணக்கு வாத்தியார் ஒருவரைப் பார்த்து வையுங்கள். பட்டம் கட்டத் தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது.

அன்புடன்,
உங்கள் ஊரவன்