படத்துக்கு முன் குரலுக்கு முதல் போடுங்கள்

கடந்த நோன்பில் ஒரு சஹர் நேரம். என் பேரன் பீங்கானை நீட்டி, "உம்மும்மா, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்க" என்றான். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ஆணம். என் வாப்பா சொன்னார், நான் சொன்னேன், என் பிள்ளைகளும் சொன்னார்கள். இவனுக்கு மட்டும் குழம்பு எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், கார்ட்டூனில் வரும் பிள்ளை அப்படித்தான் கேட்கிறதாம்.

சென்னைக்காரர்கள் மீது எனக்குக் கோபமில்லை. 2007 இல் சன் குழுமம் சுட்டி டிவியைத் தொடங்கியது. டோராவும் ஜாக்கி சானும் தமிழ் பேசினார்கள். கடலுக்கு இக்கரையில் மதுரங்குளியில் இருக்கும் பிள்ளையும் அதைப் பார்த்தது. அவர்கள் சரக்கைச் சந்தைக்கு அனுப்பினார்கள், நாம் அனுப்பவில்லை. வியாபாரியாகிய எனக்கு இதில் தெரிவது அவ்வளவுதான்.

ஆகவே இந்த வாரம் தேங்காய் விலையையும் உப்பு விலையையும் ஒதுக்கிவிட்டு, பிள்ளைகளின் துப்பறியும் கார்ட்டூன் பற்றி எழுதுகிறேன். சிரிக்க வேண்டாம். இதுவும் தொழில்தான்.

இந்த வகையில் உலகமெல்லாம் விற்ற சரக்கு ஸ்கூபி டூ. ஹனா பார்பரா நிறுவனம் தயாரித்து, 1969 செப்டெம்பரில் அமெரிக்காவில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. நாலு வாலிபர்களும் ஒரு நாயும் பேய் இருப்பதாகச் சொல்லப்படும் இடத்துக்குப் போவார்கள். கடைசியில் முகமூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பது மனிதன்தான், அதுவும் காணியையோ புதையலையோ மலிவாகச் சுருட்டப் பார்த்த ஒரு மனிதன். (பல தடவை அவன் நம் இனத்தான், அதாவது வியாபாரி!) பேய்க்கதை கேட்டு நடுங்கும் பிள்ளைகளுக்கு இது நல்ல மருந்து என்பது என் எண்ணம்.

அந்தப் படத்தை உற்றுப் பாருங்கள். ஓடும்போது பின்னால் அதே கதவும் அதே ஜன்னலும் திரும்பத் திரும்ப வரும். பேசும்போது உடம்பு அசையாது, வாய் மட்டும் அசையும். செலவைக் குறைக்க அவர்கள் கையாண்ட வழி அது. அப்படியிருந்தும் பிள்ளைகள் அசையாமல் பார்த்ததற்குக் காரணம் குரல். பிரெட் என்ற பாத்திரத்துக்கு 1969 இல் குரல் கொடுத்த பிராங் வெல்கர் பல தசாப்தங்கள் கழிந்தும் அதற்குக் குரல் கொடுத்து வந்திருக்கிறார். 2002 முதல் நாயின் குரலும் அவருடையதே. இதில் ஒரு வேடிக்கை. வெல்கர் ஆசைப்பட்டது ஷேகி என்ற பயந்தாங்கொள்ளிப் பாத்திரத்துக்கு. கேசி கேசம் என்பவர் ஆசைப்பட்டது பிரெட்டுக்கு. தயாரித்தவர்கள் கேட்டுப் பார்த்து, இருவரையும் மாற்றிப் போட்டார்கள். ஆள் கேட்டதைக் கொடுக்காமல், காது கேட்டதைக் கொடுத்தார்கள்.

அந்தக் கேசி கேசம் லெபனானிலிருந்து குடியேறிய துரூஸ் குடும்பத்துப் பிள்ளை. 1980களில் டிரான்ஸ்போமர்ஸ் என்ற கார்ட்டூனுக்கும் குரல் கொடுத்து வந்தார். ஒரு கதையில் அரபு நாடு ஒன்றைக் கற்பனை செய்து, கார் குண்டு என்று ஒலிக்கும்படி அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். இதில் நல்ல அரபி ஒருவராவது இருக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்று கண்டதும் அந்தத் தொழிலையே விட்டு வெளியேறினார். பிற்காலத்தில், 1995 இல், ஷேகியின் குரலில் பர்கர் விளம்பரம் பேசச் சொன்னபோதும் மறுத்தார். இறைச்சி உண்ணாதவர் அவர். அந்தப் பாத்திரத்தையே கைவிட்டு, 2002 இல் ஷேகியும் மரக்கறி மட்டுமே உண்பவனாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் திரும்பி வந்தார். முதலாளிமார் அதற்கு இணங்கினார்கள். குரல் அவ்வளவு பெறுமதியான சரக்கு.

இத்தொழிலின் ஒழுங்கையும் சொல்ல வேண்டும். சொந்தமாகத் தயாரிக்கும்போது பெரும்பாலும் குரலை முதலில் பதிவு செய்வார்கள். பிறகு அந்தக் குரலுக்கேற்ப வாயையும் முகத்தையும் வரைவார்கள். பிறர் தயாரித்ததை மொழிமாற்றும்போது இது தலைகீழ். அசைந்து முடிந்த வாய்க்குள் நம் சொல்லைத் திணிக்க வேண்டும். அதையும் அழகாகச் செய்த மனிதர் நம் நாட்டில் இருந்தார். 1982 இல் தொடங்கிய ரூபவாஹினியில் டைட்டஸ் தொட்டவத்த, பக்ஸ் பனி என்ற அமெரிக்க முயலை 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆக்கினார். அது சிங்களக் கிராமத்து முயலாகவே பேசியது. 2011 இல் அவர் மறைந்தபோது, அந்தக் குரல்களைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறையே அவரை நினைத்தது. நம் பிள்ளைகளுக்குத் தமிழில் அப்படியொரு முயல் வாய்க்கவில்லை.

ஆள் இல்லாமலா? இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' கேட்டவர்களைக் கேளுங்கள். 1976 இல் அது 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது. மரிக்காராக, நம் கொழும்பு முஸ்லிம்களின் பேச்சை அச்சொட்டாகப் பேசியவர் ராமதாஸ். ஐயராகப் பேசியவர் நமது பி. எச். அப்துல் ஹமீத். அப்புக்குட்டியாக யாழ்ப்பாணத் தமிழ் பேசியவர் ராஜகோபால், உபாலியாகச் சிங்களம் கலந்த தமிழ் பேசியவர் செல்வசேகரன். ஒரு நாட்டின் அத்தனை பேச்சும் ஒரு மேசையைச் சுற்றி இருந்தது. இன்று புத்தளம் மாவட்டத்தில் அதைவிட அதிகம் இருக்கிறது. ஊர்ப் பேச்சு ஒன்று, 1990 இல் விரட்டப்பட்டு வந்த மன்னார், யாழ்ப்பாண முஸ்லிம்களின் பேச்சு இன்னொன்று. பள்ளிக்கூட வாசலில் நின்றால் காதில் விழும்.

பணமுள்ளவன் இதில் இறங்குவானா என்பார்கள். மலேசியாவில் புர்ஹானுத்தீன் என்பவர் எண்ணெய், எரிவாயுத் தொழிலில் இருந்தவர். மனைவியோடும் சில இளைஞர்களோடும் சேர்ந்து 2005 இல் கார்ட்டூன் நிறுவனம் தொடங்கினார். பெரிய படம் எடுப்பதுதான் திட்டம். அதற்கு முன் சந்தையைச் சோதிக்க, 2007 நோன்பு மாதத்தில் 'உபின் இபின்' என்ற சின்னத் தொடரை விட்டார். கம்பத்து இரட்டைப் பையன்கள் நோன்பு பிடிக்கப் பழகும் கதை. அது பிடித்துக்கொண்டது. மர்மம் கலந்த பெரிய படம் 2009 இல்தான் வந்தது. மொத்தமாக இறக்குமுன் மாதிரிச் சரக்கு அனுப்பிப் பார்ப்பது நாம் அறியாததா? அந்த இரண்டு பையன்களுக்கும் முதலில் குரல் கொடுத்தது ஒரு சிறுமி என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பையன்களின் குரல் பன்னிரண்டு, பதின்மூன்றில் உடைந்துவிடும். தொடர் நீண்டால் முதலாளிக்குத் தலைவலி.

என் யோசனை சிறியது. ஐந்து பேர் சேர்ந்து முதல் போட்டு, முதலில் குரலாக மட்டும் ஐந்து கதை பதிவு செய்வோம். 1996 வெண்புள்ளி நோய்க்குப் பிறகு கைவிட்ட இறால் பண்ணை ஒன்றில் இரவில் யார் மடையைத் திறக்கிறார்கள் என்று நாலு பிள்ளைகள் தேடட்டும். பிள்ளைகள் காது கொடுத்தால் படம் வரைவோம். இப்போது ஃபோன் போதும், தொலைக்காட்சி நிலையத்தின் வாசலில் காத்திருக்கத் தேவையில்லை. உருவம் வரையலாமா, இசை சேர்க்கலாமா என்பதை உலமாக்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும், எடுத்து முடித்த பிறகல்ல. கணினியே குரல் தருகிறதே என்று ஒரு நண்பர் சொன்னார். தரட்டும். அதற்கு நம் ஊர் ஆணம் தெரியுமா?

குரல் கொடுக்கும் பிள்ளைக்கு என்ன கொடுப்போம் என்பதையும் எழுத்தில் வைக்க வேண்டும். கூலியை வியர்வை உலருமுன் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். ஆனால் பேசிய வாயில் வியர்வை தெரிவதில்லை. என் கடைக்குப் பல வருடங்களுக்கு முன் ஒரு மாணவன் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தான். மூன்று பெருநாள் வியாபாரம் அந்தக் குரலால் நடந்தது. பகல் சாப்பாடு கொடுத்தேன், ஒரு சேட்டுத் துணி கொடுத்தேன், காசு கொடுக்கவில்லை. படிக்கிற பிள்ளைக்குக் காசு எதற்கு என்று நினைத்தேன். இதை எழுதத் தொடங்கியபோது அந்தக் கணக்கு நினைவில் வந்து உறுத்தியது. அவரது வீட்டுக்குப் போனேன். கட்டாரில் இருக்கிறார் என்று உம்மா சொன்னார். இலக்கம் வாங்கி வந்திருக்கிறேன்.