தாமதம் தவறன்று

கடந்த பள்ளி விடுமுறையின்போது ஒரு மாலை வேளையில் குடும்பத்துடன் விமான நிலையத்தில் காத்திருந்தேன். வெளியே கனத்த மழை. மின்னல் விட்டுவிட்டு வெட்டியது. எங்கள் விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதமாகும் என்று அறிவிப்புப் பலகையில் தெரிந்ததும் பயணிகளிடையே சலசலப்பு எழுந்தது. ஒருவர் முகப்புக்குச் சென்று, “இந்த மழைக்கே பயந்தால் எப்படி? விமானிக்கு விமானம் ஓட்டத் தெரியாதா?” என்று அங்கிருந்த இளம் பணியாளரிடம் சத்தம் போட்டார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் மனத்துக்குள் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவர் கேட்ட கேள்வியைப் பிறகு பலமுறை எண்ணிப் பார்த்தேன். மோசமான வானிலையில் காத்திருக்கத் தெரிந்தவரே திறமையான விமானி என்பது இப்போது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களைக் காண்போம்.

வெப்பமண்டல நாடுகளில் உருவாகும் இடிமேகங்கள் 50,000 அடிக்கு மேலும் வளரக்கூடியவை. பயணிகள் விமானங்களோ பெரும்பாலும் 30,000 முதல் 40,000 அடி உயரத்தில்தான் பறக்கின்றன. ஆகவே, பெரிய இடிமேகத்தைத் தாண்டி மேலே செல்வது இயலாது. சுற்றித்தான் செல்ல வேண்டும். அம்மேகத்தினுள் மேலும் கீழுமாக வீசும் பலத்த காற்று விமானத்தைக் குலுக்கும். ஆலங்கட்டி முன்கண்ணாடியைச் சேதப்படுத்தலாம். கடுமையான இடிமேகத்திலிருந்து குறைந்தது 20 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 37 கிலோமீட்டர், விலகிப் பறக்குமாறு விமானிகளுக்கு அறிவுறுத்தப்படுகிறது.

தரைக்கு அருகில் ஆபத்து இன்னும் அதிகம். சில வேளைகளில் இடிமேகத்திலிருந்து குளிர்ந்த காற்று அருவிபோல் கீழே பாய்ந்து, தரையில் மோதி நாலாபுறமும் பரவும். தரையிறங்கும் விமானம் அதற்குள் நுழைந்தால், முதலில் எதிர்க்காற்று அதனைத் தூக்கும். சில விநாடிகளில் காற்று பின்புறமிருந்து வீசத் தொடங்கும். அப்போது விமானத்தைத் தாங்கும் விசை சட்டெனக் குறைந்துவிடும். மீண்டும் மேலெழ உயரமும் இருக்காது, நேரமும் இருக்காது. 1985 ஆகஸ்டு 2ஆம் நாள் அமெரிக்காவின் டல்லஸ் நகருக்கு அருகே டெல்டா 191 விமானம் இவ்வாறே விழுந்து நொறுங்கியது. 130க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மின்னல் வெட்டிய மேகத்தைக் கண்ட பின்னரும் தொடர்ந்து தரையிறங்க முனைந்தது விபத்துக்கான காரணங்களுள் ஒன்று என விசாரணையில் தெரியவந்தது. அன்று அவ்விமானம் வானில் சற்றுநேரம் வட்டமடித்துக் காத்திருந்தால், பயணிகள் தாமதத்தைக் குறைகூறியபடியே வீடு திரும்பியிருக்கலாம்.

இக்கால விமானங்களில்தான் நவீனக் கருவிகள் இருக்கின்றனவே எனச் சிலர் வாதிடலாம். கருவிகள் பேருதவி புரிகின்றன என்பது உண்மைதான். மின்னல் தாக்கினாலும் தாங்கும் வகையில் விமானங்கள் வடிவமைக்கப்படுகின்றன. எனினும், கருவிகளுக்கும் எல்லை உண்டு. விமானத்தின் வானிலை ரேடார் மழைத்துளிகளைக் காட்டும். மேகமே இல்லாத இடத்தில் ஏற்படும் காற்றுக் கொந்தளிப்பைக் காட்டாது. 2024 மே 21ஆம் நாள் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்த எஸ்கியூ 321 விமானம், மியன்மார் வான்வெளியில் 37,000 அடி உயரத்தில் கடுமையாகக் குலுங்கியது. இருக்கை வார் அணியாதவர்கள் மேலே தூக்கி எறியப்பட்டு, சில விநாடிகளில் கீழே விழுந்தனர். ஒரு பயணி உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். விமானம் பேங்காக்கில் அவசரமாகத் தரையிறங்கியது.

மேலும், விமானம் மின்னலைத் தாங்கினாலும், திறந்தவெளியில் நிற்கும் மனிதர் தாங்க மாட்டார். மின்னல் எச்சரிக்கை வந்தால், பயணப்பெட்டிகளை ஏற்றுவோரும் எரிபொருள் நிரப்புவோரும் பணியை நிறுத்திவிட்டுப் பாதுகாப்பான இடத்துக்குச் செல்கின்றனர். நம் தாமதத்தின் ஒரு பகுதி அவர்களின் உயிரைக் காக்கிறது.

தாமதத்தால் இழப்பே இல்லை என்று நான் கூறவில்லை. நேர்முகத் தேர்வுக்குச் செல்பவரும், உறவினரின் இறுதிச் சடங்குக்கு விரைபவரும் அதே வரிசையில்தான் நிற்கின்றனர். அவர்களின் தவிப்பு நியாயமானது. எனவே, தாமதத்தின் காரணத்தைத் தெளிவாக, உடனுக்குடன் அறிவிப்பது விமான நிறுவனத்தின் கடமை. காரணம் தெரிந்தால் கோபம் பாதியாகத் தணிந்துவிடும்.

பதறாத காரியம் சிதறாது என்பர் பெரியோர். அந்தப் பொறுமை விமானிக்கு மட்டும் இருந்தால் போதாது. எச்சரிக்கை விளக்கு எரியாதபோதும் இருக்கை வாரை அணிந்திருப்பது, பணியாளர் அமரச் சொன்னால் அமர்வது, தாமதத்துக்காக அவர்களைத் திட்டாமல் இருப்பது ஆகியவை நம் பங்கு.

அன்றிரவு மழை ஓய்ந்த பிறகு எங்கள் விமானம் புறப்பட்டுப் பத்திரமாகத் தரையிறங்கியது. சத்தம் போட்டவர், தூக்கக் கலக்கத்தில் இருந்த தம் மகளைத் தோளில் சுமந்தபடி எங்களுக்கு முன்னால் இறங்கிச் சென்றார்.