பின்பனிக்காகச் சில சொற்கள்

மாசி பிறந்துவிட்டால் நம் பேச்சில் இரண்டே வாக்கியங்கள்தாம் எஞ்சுகின்றன. "பனி இன்னும் விட்டபாடில்லை" என்பது ஒன்று. "இப்போதே இப்படிக் காய்கிறதே, சித்திரையில் என்ன பாடு படுத்தப் போகிறதோ" என்பது மற்றொன்று. காலை ஆறு மணிக்கு முதல் வாக்கியத்தைச் சொன்ன அதே மனிதர் நண்பகலில் இரண்டாவதைச் சொல்வார். போகாத பனியைப் பற்றிய குறையும் வராத வெயிலைப் பற்றிய அச்சமும் சேர்ந்து, நடுவில் இருக்கும் அறுபது நாட்களை விழுங்கிவிடுகின்றன. அந்த அறுபது நாட்களுக்காகப் பரிந்து பேசவே இதை எழுதுகிறேன்.

பெரும்பொழுதை ஆறாகப் பகுத்த நம் முன்னோர் மாசி, பங்குனி ஆகிய இரு திங்களுக்கும் பின்பனி என்று பெயரிட்டனர். மார்கழியும் தையும் முன்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். மார்கழிக்குக் கோலம் இருக்கிறது, பாவைப் பாடல்கள் இருக்கின்றன. தைக்குப் பொங்கல். சித்திரைக்குப் புத்தாண்டு. மாசி மகத்தையும் பங்குனி உத்திரத்தையும் நான் மறந்துவிடவில்லை. ஆனால் அவற்றைக் கோயிலுக்கும் நீர்த்துறைக்கும் உரிய நாட்களாக நினைக்கிறோமே அன்றி, ஒரு பருவத்தின் முகமாக நினைப்பதில்லை. பின்பனி என்ற சொல்லே பள்ளித் தேர்வோடு நம்மை விட்டு நீங்கிவிடுகிறது.

தொல்காப்பியத்தின் அகத்திணையியல் குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும், முல்லைக்குக் காரையும் வகுத்துத் தருகிறது. பாலைக்கு வேனில். அத்துடன் நில்லாமல், பின்பனியும் பாலைக்கு உரியது என்கிறது. பிரிவைப் பாடும் திணைக்கு வேனிலைத் தந்தது எளிதில் விளங்கும். பின்பனியை ஏன் தர வேண்டும்? இரவில் நடுக்கி, பகலில் காய்ந்து, காத்திருப்பவரை இருபுறமும் வாட்டும் காலம் என்பதாலேயே இருக்கும் என்று நெடுநாள் பொருள் கொண்டிருந்தேன். இப்போது வேறொன்றும் தோன்றுகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

காத்திருத்தலை நான் முறையாகக் கற்றது நம் ஊரில் அன்று. கனடாவில், டொராண்டோவை அடுத்த ஒரு சிற்றூரில் ஆறு குளிர்காலங்களைக் கழித்தேன். அங்கே பிப்ரவரி என்பது பொறுமையின் கடைசிப் படி. பிப்ரவரி 2 அன்று வளையிலிருந்து வெளிவரும் ஒரு கொறிவிலங்கு தன் நிழலைக் கண்டால் குளிர் இன்னும் ஆறு வாரம் நீளும் என்று ஊரே கூடி வேடிக்கை பார்க்கும். முதலிரு ஆண்டுகள் நாட்காட்டியைக் கிழிப்பது ஒன்றே எனக்குத் தொழிலாக இருந்தது. பிறகுதான் அயலவர்கள் எவ்வளவு நுட்பமாக அந்த நாட்களைத் துய்க்கிறார்கள் என்பது கண்ணில் பட்டது. டிசம்பர் இறுதியில் ஐந்து மணிக்குள் இருட்டிவிடும் ஊரில், பிப்ரவரி முடியும்போது மாலை ஆறு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி அவர்கள் சம்பள உயர்வு கிடைத்தவர்களைப் போலப் பேசுவார்கள். கூரை விளிம்பின் பனிக்கட்டி சொட்டத் தொடங்கும் ஓசைக்காகச் சன்னலைச் சற்றே திறந்து வைப்பார்கள்.

அங்கே நான் அறிந்தவற்றுள் மறக்க முடியாதது மேப்பிள் மரத்தின் கதை. இரவில் உறைநிலைக்குக் கீழேயும் பகலில் அதற்கு மேலேயும் வெப்பம் ஏறி இறங்கும் சில வாரங்களில் மட்டுமே அம்மரத்தில் இனிப்புச் சாறு ஓடும். துளையிட்டு, வாளி தொங்கவிட்டுச் சேர்க்கும் அச்சாற்றை ஏறத்தாழ 40 லிட்டர் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும். வசந்தம் வந்து மொட்டுகள் விரியத் தொடங்கியதும் சாற்றின் சுவை கெட்டுவிடும். அதாவது, ஊரெல்லாம் ஏங்கிக் காத்திருக்கும் வசந்தம் எந்த நாளில் வருகிறதோ அந்த நாளில் இந்த இனிப்பு முடிந்துபோகிறது. குளிர்காலத்தின் கடைசி வாரங்கள் வசந்தத்தின் வாசற்படி மட்டுமல்ல, அவற்றுக்கென்றே ஒரு விளைச்சல் உண்டு என்று அந்த மரத்தடியில்தான் முதன்முதலில் நினைத்தேன்.

நினைத்தேனே தவிர, அதை வாழ்வில் கைக்கொள்ளவில்லை.

2011-ஆம் ஆண்டின் மாசியில் அப்பாவுக்கு மூச்சிரைப்பு முற்றியிருந்தது. நான் தஞ்சைக்கு அருகே எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்திருந்தேன். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பது எங்கள் வீட்டில் பழமொழி அன்று, நோயின் விவரம். வெயில் ஏறிவிட்டால் மூச்சு இலகுவாகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவ்வளவுதான், வீடு முழுவதும் சித்திரையை நோக்கித் திரும்பி உட்கார்ந்துகொண்டது. அம்மா சன்னல்களை அடைத்தார். நான் நாட்களை எண்ணினேன். வந்து பார்த்தவர்கள் எல்லாம், "இன்னும் முப்பதே நாள்", "இன்னும் இருபதே நாள்" என்று ஆறுதல் சொல்லிப் போனார்கள்.

அப்பா மட்டும் அந்தக் கணக்கில் சேரவில்லை. விடிந்ததும் அவர் கேட்பது ஒன்றே: "கொல்லையில் முருங்கை பூத்துவிட்டதா, தம்பி?" பூத்திருந்தது. "பூத்திருக்கிறது அப்பா, சித்திரையில் நீங்களே போய்ப் பார்க்கலாம்" என்பேன். ஒன்பது மணி வெயிலில் திண்ணையில் சற்று உட்கார வேண்டும் என்பார். ஈரக்காற்று ஆகாது என்று தடுத்துவிடுவோம். ஒரு நாள் அடைத்த சன்னலுக்கு அப்பால் அந்த ஆண்டின் முதல் குயில் கூவியது. அவர் கையை உயர்த்தி எங்கள் பேச்சை நிறுத்தினார். நாங்கள் மாத்திரை நேரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பங்குனி பதினெட்டாம் நாள் அவர் காலமானார். நாங்கள் காத்திருந்த சித்திரை அவரில்லாமல் வந்தது.

மருத்துவர் சொன்னது தவறில்லை. சன்னலை அடைத்ததும் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்கு வாய்த்திருந்த அந்த நாற்பத்தைந்து நாட்களையும் வேறொரு பருவத்துக்கு முன்பணமாகக் கட்டிவிட்டோம் என்ற எண்ணம் என்னை விட்டு அகலவில்லை. ஒன்பது மணி வெயிலில் ஈரக்காற்று இருந்திராது என்பது இப்போது தெரிகிறது.

அப்பா உழவர். வரப்போவதை எதிர்நோக்கத் தெரியாதவர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. காவிரிப் படுகையில் சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பாகவே, நிற்கும் நெற்பயிருக்குள் உளுந்தையும் பச்சைப்பயற்றையும் விதைத்துவிடுவது வழக்கம். நெல்லை அறுத்தபின் தாளுக்கிடையே அது தலை காட்டும். அதற்கென்று உழவில்லை, பெரும்பாலும் பாசனமும் இல்லை. மண்ணில் எஞ்சிய ஈரமும் இரவில் இறங்கும் பனியுமே அதை வளர்க்கின்றன. ஏறத்தாழ எழுபது நாளில், பங்குனி வாக்கில், காய் முற்றிவிடும். நாம் குறை சொல்லும் அதே பனிதான் நம் இட்லிக்கு உளுந்தைத் தருகிறது.

இங்கேதான் ஒரு வேறுபாட்டைச் சொல்ல விரும்புகிறேன். காத்திருத்தல் வேறு, எதிர்நோக்குதல் வேறு. காத்திருப்பவன் இன்றைய நாளைத் தடையாகக் கருதுகிறான். எதிர்நோக்குபவன் இன்றைய ஈரத்தில் விதைக்கிறான். நெல் நிற்கும்போதே உளுந்தைத் தெளிப்பவனுக்குப் பங்குனியின் மேல் கண் உண்டு. ஆனால் கால் மாசியின் சேற்றில்தான் இருக்கிறது. சிறு மகிழ்ச்சிகளைக் கவனிப்பது வருங்காலத்தை மறப்பது ஆகாது. வருங்காலம் தன் முதல் அடையாளங்களை இந்தச் சிறு பொருள்களில்தான் காட்டுகிறது. அரச மரம் செம்பு நிறத்தில் தளிர்ப்பது, இலையுதிர்த்த இலவம் பூவை மட்டும் ஏந்தி நிற்பது, மாந்தோப்பைக் கடக்கையில் பூவின் மணம் மூச்சில் ஏறுவது, புளியம்பழம் உலுக்கும் ஓசை, விடியலில் வாழையிலை நுனியிலிருந்து சொட்டும் நீர் என இவை யாவும் பின்பனிக்கு உரியவை. இவற்றுக்குக் கட்டணமும் இல்லை, பயணமும் வேண்டாம்.

இது வசதியுள்ளவரின் பேச்சு என்று ஒருவர் மறுக்கலாம். நடைபாதையில் படுத்துறங்குபவருக்குப் பனியில் என்ன அழகு, இரைப்பு நோயாளிக்கு என்ன மகிழ்ச்சி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்களுக்குப் போர்வையும் மருந்துமே முதலில் வேண்டும்; அந்த இடத்தில் கவிதை பேசுவது கொடுமை. ஆயினும் என் வீட்டு இரைப்பு நோயாளி எங்களிடம் கேட்டது மருந்தை மட்டுமன்று, முருங்கைப் பூவையும்தான் என்பதை நான் சொல்லாமல் விட முடியாது. துன்பப்படுபவருக்குச் சிறு மகிழ்ச்சி தேவைப்படாது என்று நலமாக இருப்பவர்களே முடிவு செய்துவிடுகிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்தப் பருவம் நம்மோடு என்றும் இருக்கும் என்ற உறுதி இப்போது இல்லை. 2023 பிப்ரவரியில் நாட்டின் சராசரிப் பகல் உச்ச வெப்பம் 1901 முதலான பதிவுகளிலேயே மிக அதிகம் என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை அறிவித்தது. 2025 பிப்ரவரி, சராசரி வெப்பநிலையில் அதே பதிவுகளின் உச்சத்தைத் தொட்டது. பின்பனி தேய்ந்துகொண்டிருக்கிறது. அதைக் கவனித்து வாழாத நமக்கு அது போனதும் தெரியாது.

ஜப்பானின் கியோட்டோ நகரில் செர்ரி மரங்கள் முழுதாய்ப் பூத்த நாளை அரசவையினரும் துறவிகளும் தத்தம் நாட்குறிப்புகளில் எழுதி வைத்தனர். ஒன்பதாம் நூற்றாண்டு முதலான அக்குறிப்புகள் இன்று கிடைக்கின்றன. மலர் விருந்துக்குச் சென்ற மகிழ்ச்சியில் எழுதியவை அவை. ஆராய்ச்சிக்கென்று எவரும் எழுதவில்லை. ஆனால் 2021-இல் மார்ச் 26 அன்றே மரங்கள் முழுதாய்ப் பூத்தபோது, ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பதிவுகளில் இதுவே மிக முந்திய நாள் என்று உலகம் அறிய முடிந்தது அந்தக் குறிப்புகளால்தான். ஒரு பூவைக் கண்டு மகிழ்ந்தவன் தேதியையும் எழுதி வைத்ததால் கிடைத்த சான்று இது. நம்மிடம் வேம்பு பூத்த நாளுக்கோ குயில் கூவிய நாளுக்கோ அப்படி ஒரு குறிப்பேடு இருக்கிறதா? இனியேனும் வீட்டுக்கு ஒன்று இருக்கலாம் என்பதே என் வேண்டுகோள்.

பின்பனியைப் பாலைக்கு ஏன் தந்தார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். பிரிவில் ஒருவர் போகிறார், ஒருவர் இருக்கிறார். இருப்பவருக்கு நாளைய வரவு உறுதியில்லை. கையில் உள்ளது இன்றைய பொழுதுதான். பனியும் வெயிலும் ஒரே நாளில் வந்து போகும் இந்தப் பருவத்தை அத்தகைய மனநிலைக்கு உரியதாக்கியவர்கள் வாழ்ந்து பார்த்தே அப்படிச் செய்திருக்க வேண்டும். இது இலக்கண ஆசிரியர்கள் ஒப்பும் விளக்கமா என்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

இவ்வாண்டு மாசியில் எங்கள் வீட்டு நாட்காட்டியில் மூன்று குறிப்புகள் எழுதியிருக்கிறேன். நான்காம் நாள், முருங்கை பூத்தது. பதினேழாம் நாள், முதல் குயில். இருபத்தோராம் நாள், அம்மா ஒன்பது மணி வெயிலில் திண்ணையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். சித்திரை வரும்போது வரட்டும்.