கராஜுக்குப் போகமுன் புகையைப் பாருங்கள்



யாழ்ப்பாணக் குடாநாட்டு வீதிகளில் ஓடும் வாகனங்களுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. திறந்தும் என்ன, வரியோடு சேர்த்து விலையைக் கேட்ட பலர் இருக்கிற காரையே இன்னும் கொஞ்சக் காலம் ஓட்டுவோம் என்று திரும்பிவிட்டார்கள். அவர்களுக்காகவே இம்முறை இந்தப் பக்கம். கராஜில் காசைக் கொட்டமுன், காரின் பின்பக்கம் போய் நின்று சைலன்சர் குழாயைப் பாருங்கள். என்ன நிறத்தில் புகை வருகிறது, எப்போது வருகிறது என்ற இரண்டையும் கவனித்தாலே வருத்தம் பாதி பிடிபட்டுவிடும்.

இது எங்கள் மண்ணுக்குப் பழகிய வித்தை. 1990இல் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இங்கிலாந்தில் ஒரு காலத்துப் பெர்குசன் உழவு இயந்திரங்களும் இந்த முறையில் ஓடியவைதான். 1950களின் அந்தக் கார் எஞ்சின்கள், உள்ளே வரும் கலவையை ஏழில் ஒரு பங்கு அளவுக்கே அமுக்கின. அதனால்தான் மண்ணெண்ணெயைத் தாங்கின. இன்றைய எஞ்சின்கள் அதைப் பத்தில் ஒரு பங்குக்கும் அதற்குக் குறைவாகவும் அமுக்குகின்றன. அந்த வைத்தியத்தை இவற்றில் செய்து பார்க்க வேண்டாம்.

தாங்கினாலும் சேதம் இல்லாமல் இல்லை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் ஓரத்தால் கசிந்து ஒயிலை நீர்க்கச் செய்தது, றிங்குகள் தேய்ந்தன. மாற்றுவதற்கு உதிரிப்பாகமும் வராத நாட்களில், புகையைப் பார்த்தும் மணந்தும் குறையை அறிந்த மெக்கானிக்மார் இங்கே உருவானார்கள். அவர்களுடைய பாடத்தின் சாரம் இதுதான்.

நீலப் புகை என்றால் ஒயில் எரிகிறது. காலையில் ஸ்ராட் செய்தவுடன் ஒருதரம் வந்து ஓய்ந்துவிட்டால், பெரும்பாலும் வால்வ் சீல் காய்ந்திருக்கும்; கார் நின்ற நேரத்தில் அதனூடாக ஒயில் கசிந்திருக்கும். அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்க வந்தால் பிஸ்ரன் றிங்கைச் சந்தேகியுங்கள். இரண்டுக்கும் செலவில் பெரிய வித்தியாசம் உண்டு. இதைத் தெரிந்து போனால், எடுத்த எடுப்பில் ‘எஞ்சினை இறக்கோணும்’ என்பவரிடம் ஒரு கேள்வியாவது கேட்கலாம். பழைய ரூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றில் ஒயில் பெற்றோலோடு சேர்ந்தே எரிவது.

கறுப்புப் புகை, எரிபொருள் கூடியதையோ காற்றுக் குறைந்ததையோ காட்டும். வலிகாமத்துச் செம்மண் ஒழுங்கைகளில் ஓடும் வாகனத்தில் முதலில் பார்க்க வேண்டியது ஏயார் பில்ரர். கழற்றிப் பார்க்கச் செலவில்லை. டீசல் வாகனமென்றால் இன்ஜெக்ரரையும் சந்தேகிக்கலாம். பாரம் கூடினாலும் டீசல் எஞ்சின் கறுப்பாகவே கக்கும்.

வெள்ளைப் புகையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். தை மாதத்துப் பனிக்காலையில் மெல்லிதாக வந்து சில நிமிடங்களில் மறைவது வெறும் நீராவி. எஞ்சின் சூடேறிய பின்னும் தடிப்பாக வந்துகொண்டிருந்தால் பெரும்பாலும் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்குகிறது. ஹெட் கஸ்கெற் போயிருக்கலாம். இதற்கு எங்கள் கிணறுகளும் ஒரு காரணம். சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறும் தண்ணீரைக் கூலன்ற்றுக்குப் பதிலாக ஊற்றினால், அதன் சுண்ணாம்பு கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படிவதுபோல றேடியேற்றருக்குள்ளும் படிகிறது. வழி அடைபட்டால் எஞ்சின் கொதிக்கும்; கொதித்தால் கஸ்கெற் தாங்காது. கூலன்ற் எரிந்தால் இனிப்பு வாடை வரும். கிணற்றுத் தண்ணீருக்கு அதுவும் வராது. ஆகவே தண்ணீர் மட்டம் குறைகிறதா, ஒயில் மூடியின் உட்புறம் வெளிறிய பசை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்கையில் றேடியேற்றர் மூடியில் கை வைக்காதீர்கள். மட்டக் குறைவும் பசையும் இரண்டும் இருந்தால் வாகனத்தை ஓட்டாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள்.

எல்லாவற்றிலும் பொல்லாதது நிறமும் மணமும் இல்லாத காபனோரொட்சைட்டு. புகை தெரியவில்லை என்பதற்காக, பூட்டிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள்.

மண்ணெண்ணெய்க் காலத்தில் எஞ்சின்களை உயிரோடு வைத்திருந்த கைகள் இன்று முதுமை அடைந்துவிட்டன. அவர்களுடைய அறிவு இன்னும் வாய்மொழியாகவே கிடக்கிறது. உங்கள் வீட்டிலோ அயலிலோ அப்படி ஒருவர் இருந்தால், அருகில் இருந்து கேட்டு எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். மொழிநடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். திருத்தி வெளியிடுவது எங்கள் பொறுப்பு.

அன்புடன்,
ஆசிரியர்