தாத்தாவின் கடியாரம்

தென்பெண்ணைக் கரையிலுள்ள மூங்கில்துறைப்பட்டுக்குப் போகிறவர்கள், அங்கே கூட்டுறவுச் சர்க்கரை ஆலைப் பக்கம் வரும் வயோதிக விவசாயிகளின் கையைச் சற்றுக் கவனிக்கலாம். எச்.எம்.டி. கைக்கடியாரம் ஒன்று தென்பட்டால் அதிசயமில்லை. கண்ணாடி மங்கியிருக்கும், விளிம்பில் முலாம் தேய்ந்து பித்தளை எட்டிப் பார்க்கும். ஆனால் மணி சரியாகக் காட்டும்!

பட்டணத்துப் பேரனுக்கு இது பொறுப்பதில்லை. புதிதுபோல் ஆக்கித் தருகிறேன் என்று புறப்படுகிறான். அல்லது, அதைவிட மோசம், இனிக் கீறல் படாமல் பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லுகிறான். இரண்டும் நமக்குச் சம்மதமில்லை.

கடியாரம் என்றாலே ஸ்விட்ஜர்லாந்து என்றிருந்த தேசத்தில், 1961-இல் ஜப்பானிய சிடிஸன் கம்பெனியாரின் ஒத்தாசையுடன் பெங்களூரில் எச்.எம்.டி. கடியாரம் பிறந்தது. அப்புறம் எத்தனையோ மாப்பிள்ளைகள் மாமனார் கொடுத்த எச்.எம்.டி.யைக் கட்டிக்கொண்டுதான் மணையில் உட்கார்ந்தார்கள். 2016-இல் அந்தக் கடியாரக் கம்பெனியை மூடிவிடுவதென்று மத்திய சர்க்கார் தீர்மானித்தது. மிஞ்சியிருக்கும் சுதேசிச் சாமானையும் தேய்த்தா அழிப்பது?

கீறலுக்கு யாரும் குற்றவாளியல்லர். ஆற்று மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் கல். மோஸ் என்பவர் வகுத்த கடின அளவில் அதற்கு 7. கடியாரக் கூட்டின் எஃகு அதைவிட மிருது. பழைய கடியாரங்கள் பலவற்றின் ‘கண்ணாடி’யோ கண்ணாடியே அல்ல, அக்ரிலிக் பிளாஸ்டிக். சீக்கிரம் கீறும், எளிதில் நொறுங்காது. இந்நாளைய விலையுயர்ந்த கடியாரங்களின் நீலக்கல் கண்ணாடிக்குக் கடினம் 9. லேசில் கீறாது, பலமாக அடிபட்டால் சுக்குநூறாகலாம். எது மேல் என்று வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

காந்திஜி இடுப்பில் தொங்கவிட்டிருந்த ஜெனித் கடியாரம் ஸ்விஸ் சரக்குதான். 2009 மார்ச்சு மாதம் நியூயார்க்கில் அது, அவருடைய மூக்குக் கண்ணாடி, செருப்பு, கிண்ணம், தட்டு ஆகியவற்றுடன் 18 லக்ஷம் டாலருக்கு ஏலம் போயிற்று. தேய்ந்த சாமான் என்று யாரும் விலையைக் குறைக்கவில்லை!

பொறுக்கக் கூடாத தேய்மானமும் உண்டு. உள்ளே எண்ணெய் வறண்டால் சக்கரங்களின் அச்சு தேயும்; தண்ணீர் புகுந்தால் துரு ஏறும். சில வருஷங்களுக்கு ஒரு தரம் பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் விடத்தான் வேண்டும். மேற்கூட்டுக்குப் பாலிஷ் போடுவது வேறு சமாசாரம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உலோகம் போகும், ஓரங்கள் மழுங்கும், முலாம் பூசிய கூடானால் முலாமே போய்விடும். பின்மூடியில் கலியாணத் தேதி வெட்டியிருந்தால், பாலிஷ்காரரிடம் கொடுப்பதற்கு முன் அதை ஒரு முறை படித்து வைத்துக்கொள்ளுங்கள்.