அந்த லீவரைக் கட்டி வைக்காதீங்க!

மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ள, கட்டட வேலையில் ஜல்லி சுமக்க, தோப்பில் தேங்காய் சேர்க்க... இரும்புச் சட்டியும் சக்கரமுமாக இருந்த கைவண்டிக்கு இப்போது மோட்டார் வந்துவிட்டது. சிலவற்றில் சின்ன பெட்ரோல் இன்ஜின், சிலவற்றில் பேட்டரி. பின்னால் நடந்தால் போதும், சுமையை வண்டியே கொண்டுபோகிறது. வேலைக்கு ஆள் கிடைக்காத சிறு விவசாயிகளுக்கும், முதுகுவலியோடு மாடு வளர்க்கும் அம்மாக்களுக்கும் இது நல்ல துணை.

அந்தத் துணையைப் பத்திரமாக ஓட்டுவதும் பராமரிப்பதும் எப்படி என்று இந்த வாரம் பார்ப்போம். அதற்கு முன் ஒரு வேலை. உங்கள் வண்டியின் கைப்பிடியைப் போய்ப் பாருங்கள். அங்கிருக்கும் லீவரை, கைப்பிடியோடு சேர்த்துக் கயிறோ கம்பியோ பழைய டியூப் ரப்பரோ போட்டு யாராவது கட்டியிருக்கிறார்களா? கட்டியிருந்தால் மற்றதைப் பிறகு படிக்கலாம். முதலில் அதை அவிழ்த்துவிடுங்கள்.

கையை எடுத்தால் நிற்கணும்

பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் லீவரை அழுத்திப் பிடித்தால்தான் இன்ஜினின் சக்தி சக்கரத்துக்குப் போகும். விட்டால் வண்டி நின்றுவிடும். சில மாடல்களில் பிரேக்கும் தானாகப் பிடிக்கும். பேட்டரி வண்டியில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் மோட்டார் நிற்கும். ஆக, வண்டி ஓட உங்கள் கை வேண்டும். நீங்கள் வழுக்கி விழுந்தாலோ, தலைசுற்றினாலோ, பாம்பைப் பார்த்துக் கையை உதறினாலோ வண்டி தானே நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

நாள் முழுக்கப் பிடித்தால் விரல் வலிக்கும். அதனால்தான் கட்டுகிறார்கள். ஆனால், ரிவர்ஸ் எடுக்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். வண்டி உங்களை நோக்கி வருகிறது. பின்னால் கொட்டகைச் சுவர். மணிக்கு 4 கிலோமீட்டர் என்பது நடக்கிற வேகம்தான். ஆனாலும், அது ஒரு விநாடிக்கு 1.1 மீட்டர். என்ன நடக்கிறது என்று புரிந்து, சுவிட்சைத் தேடி அணைக்க இரண்டு விநாடி ஆனால், வண்டி ஏழு அடி வந்துவிடும். உங்களுக்கும் சுவருக்கும் நடுவில் இருப்பதோ நாலு அடி. லீவர் கட்டப்படாமல் இருந்தால், கையை விட்டதுமே வண்டி நின்றிருக்கும்.

விரல் வலிக்கு வேறு வழி உண்டு. லீவர் இறுக்கமாக இருந்தால், பெரும்பாலும் கேபிள் துருப்பிடித்திருக்கும் அல்லது அழுக்கு அடைத்திருக்கும். கேபிளைச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டால் லேசாகிவிடும். இழை பிரிந்திருந்தால் புது கேபிள் போடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள். ஆள் இல்லையென்றால் ஐந்து நிமிடம் நிழலில் உட்காருங்கள்.

தினமும் வேலை தொடங்கும் முன் ஒரு சோதனை. சமதரையில், சுமை இல்லாமல், பத்தடி ஓட்டி லீவரை விடுங்கள். வண்டி உடனே நிற்க வேண்டும். பிரேக் தனியாக இருந்தால் அதையும் பிடித்துப் பாருங்கள். நிற்காமல் உருண்டால் அன்றைக்கு அந்த வண்டி வேண்டாம். மெக்கானிக்கிடம் போகட்டும்.

சட்டி ஒண்ணுதான், எடை வேற வேற

'போன வாரம் முழுசா ரொப்பினேன், ஒண்ணும் ஆகலையே' என்பார்கள். போன வாரம் ரொப்பியது என்ன? ஒரு கன அடி தண்ணீரின் எடை சுமார் 28 கிலோ. ஈரச் சாணியும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதே ஒரு கன அடி காய்ந்த மணல் சுமார் 45 கிலோ. நனைந்த மணல் 50 கிலோவைத் தாண்டும். ஐந்து கன அடி சட்டி என்றால் சாணி 140 கிலோ. நனைந்த மணல் 250 கிலோவுக்கும் மேல்!

வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டிலோ கையேட்டிலோ அதிகபட்ச எடை போட்டிருப்பார்கள். அதைப் பெயின்ட்டால் சட்டியின் மேலேயே பெரிதாக எழுதிவிடுங்கள். மணலுக்கு ஒரு கோடு, சாணிக்கு ஒரு கோடு என்று உள்பக்கம் அடையாளமும் போட்டுக்கொள்ளலாம். கனமான பொருள் கீழே, நடுவில் இருக்கட்டும். முன்னால் பாதை தெரியாத உயரத்துக்கு அடுக்க வேண்டாம்.

சரிவில் சுமை உங்க மேல

ஆறு அடி நீளத்துக்கு ஒரு அடி ஏறுகிற சரிவை எடுத்துக்கொள்வோம். வண்டி 60 கிலோ, சுமை 180 கிலோ, மொத்தம் 240. அதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு, அதாவது 40 கிலோ அளவுக்கு வண்டி கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். மோட்டார் இருக்கும்வரை நமக்கு அது தெரியாது. ஏற்றத்தில் இன்ஜின் அணைந்து, பிரேக்கும் பிடிக்கவில்லையென்றால் அந்த 40 கிலோவும் உங்கள் மேல்தான் வரும். ஏற்றத்தில் கீழ்ப்பக்கம் நிற்பது நீங்கள்தானே? அதனால் சரிவு உள்ள வழியில் பாதிச் சுமை போதும். இரண்டு நடை கூடப் போனாலும் பரவாயில்லை.

இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு உருட்டாதீர்கள். குறைந்த கியரில், பிரேக்கில் கை வைத்தபடி இறங்குங்கள். சரிவில் குறுக்கே ஓட்டுவதும், நடுவில் திருப்புவதும் வண்டியைக் கவிழ்த்துவிடும். நேராக ஏறி, சமமான இடத்துக்கு வந்த பிறகு திருப்புங்கள்.

வரப்பு, வாய்க்கால் கரை, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு - இவற்றின் ஓரம் மழைக்காலத்தில் ஊறிப்போயிருக்கும். உங்கள் எடையைத் தாங்கிய மண், சுமை வண்டியைத் தாங்கும் என்று நம்ப முடியாது. எருக்குழியில் கொட்டுவதாக இருந்தால், விளிம்புக்கு முன்னாலேயே ஒரு கனமான மரக்கட்டையை முளையடித்து நிறுத்துங்கள். சக்கரம் அதில் முட்டி நிற்கட்டும்.

முந்தானையும் பேரனும்

சேலை முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். துப்பட்டாவும் தோளில் துண்டும் வேண்டாம். லுங்கி, வேட்டி என்றால் மடித்துக் கட்டுவதைவிட, அந்த நேரத்துக்கு ஒரு பேன்ட் போட்டுக்கொள்வது நல்லது. செயினும் பெல்ட்டும் சுற்றும் இடத்தில் மூடி கட்டாயம் இருக்க வேண்டும். காலுக்கு ரப்பர் செருப்பு போதாது. ஷூ அல்லது பூட்ஸ் போடுங்கள்.

லீவு விட்டால் பேரப்பிள்ளைகள் வருவார்கள். "தாத்தா, ஒரு ரவுண்டு ஏத்திட்டுப் போங்க தாத்தா" என்று கெஞ்சுவார்கள். காலி வண்டிதானே என்று மனசு இளகும். சட்டியில் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. குழந்தை சாய்ந்தால் வண்டியும் சாயும். விழுந்தால் சக்கரத்துக்கு முன்னால்தான் விழும். "இது சாணி வண்டிடா கண்ணு, ஆள் வண்டி இல்லை" என்று சொல்லிவிடுங்கள். வேலை முடிந்ததும் சாவியை எடுத்து உயரத்தில் மாட்டிவிடுங்கள்.

பராமரிப்பு: எப்போது, என்ன?

எதில் கை வைப்பதாக இருந்தாலும் இன்ஜினை அணைத்து, ஸ்பார்க் பிளக் தொப்பியைக் கழற்றிவிடுங்கள். பேட்டரி வண்டியில் பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். தூக்கிய சட்டிக்கு அடியில் முட்டுக் கொடுக்காமல் கையோ தலையோ போகக் கூடாது.

தினமும்: ஆயில் அளவு (இன்ஜின் அணைந்து, வண்டி சமதரையில் இருக்கும்போது), டயர் காற்று, சட்டியின் கொக்கி, தளர்ந்த போல்ட். வேலை முடிந்ததும் சாணியையும் சிமென்டையும் கழுவிவிடுங்கள். மோட்டார், வயர், ஏர் ஃபில்டர் பக்கம் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம்.

வாரம் ஒருமுறை: ஏர் ஃபில்டரைத் தூசி தட்டுங்கள். செயினுக்கு எண்ணெய் விட்டு, தொய்வைப் பாருங்கள். கேபிளைப் பாருங்கள்.

ஆயில் மாற்ற: சின்ன பெட்ரோல் இன்ஜின்கள் பலவற்றில் முதல் 20 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகும், அதன்பின் 100 மணி நேரத்துக்கு ஒருமுறையும் மாற்றச் சொல்வார்கள். உங்கள் கையேடு வேறு கணக்கு சொன்னால் அதுவே சரி.

பெட்ரோல்: இன்ஜின் ஆறிய பிறகு, திறந்த இடத்தில் மட்டுமே ஊற்றுங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். ஒரு மாதத்துக்கு மேல் வண்டி சும்மா நிற்கப்போகிறது என்றால் டேங்க்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுங்கள். மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிடாதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி என்று நினைப்பதற்குள் ஆளை மயக்கிவிடும்.

பேட்டரி: வண்டியோடு வந்த சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள். லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு கூடாது. லித்தியம் பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது.

டயர்: சில வண்டிகளின் சக்கர ரிம் இரண்டு துண்டாக இருக்கும், போல்ட்டால் இணைத்திருப்பார்கள். பஞ்சர் பார்க்கும்போது காற்றை முழுவதும் இறக்காமல் அந்த போல்ட்டைக் கழற்றினால், ரிம் வெடித்துத் தெறிக்கும். பஞ்சர் கடைக்குக் கொடுத்தாலும் இதை ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

வேலைக்கு வருபவருக்கு

இவ்வளவும் சரியாக இருந்தும் லீவரில் கயிறு ஏறுவது எப்போது தெரியுமா? நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசும்போதுதான். சீக்கிரம் முடிக்க வேண்டும், கை ஓய்ந்துவிடக் கூடாது என்று அவர் கட்டுகிறார். கொட்டி, திரும்பி, ரிவர்ஸ் எடுத்து ஓடுகிறார். அவரைக் குறை சொல்வதைவிட, நாள் கூலியாகப் பேசிவிடுவது நல்லது. முதல் நாள் காலையில் அரை மணி ஒதுக்கி, சுமை இல்லாமல் ஓட்டிப் பழகச் சொல்லுங்கள். கிளப்புவதைச் சொல்லித் தரும் முன், நிறுத்துவதைச் சொல்லிக் கொடுங்கள்.

ஊரில் அப்பாவோ மாமாவோ இந்த வண்டியை வைத்திருந்தால், இந்தக் கட்டுரையை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அதோடு விடாமல், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கொட்டகைப் பக்கம் ஒரு நடை போய், அந்த லீவரை நீங்களே அழுத்தி, விட்டுப் பாருங்கள்.